மல்லாந்து படுத்தால் அழுகை வருகிறது

மார்ச் 6, திங்கள்

மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளர விடுவதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்க முடியாது. எனக்கு அதுதான் வரவில்லை.

குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னார்கள். முட்டிவரை தொட்டேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் டீச்சர், "எல்லாரும் அப்படியே படுங்க. சவாசனம். இதுல ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றாள். படுத்தேன். கண்ணை மூடினேன். அவ்வளவுதான் - கண்ணோரத்தில் கிளம்பி இரண்டு காதுக்குள்ளும் போய்விட்டது. காதுக்குள் கண்ணீர் போனால் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது இந்த வயதில் தெரியவந்த செய்தி.

போன மாதம் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக் கை நடுங்கி, லென்ஸின் விளிம்பு தெறித்துவிட்டது. முதலாளிதான் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "பிரச்சினை வீட்டை விட்டுப் போயிடுச்சு டாக்டர். அதான் பிரச்சினை" என்றேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, இந்த வகுப்பைச் சொன்னார்.

வகுப்பு ஒரு பெயின்ட் கடையின் மாடியில். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளாது. "மூச்சை மெதுவா... ஆழமா... உள்ள..." என்று இழுத்துவிட்டு ஒரு தும்மல். தும்மல் டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மார்ச் 7

தொடை, விலா, இருப்பதே தெரியாத இடமெல்லாம் வலி. நன்றாகத்தான் இருந்தது. மனசு வலி கொஞ்ச நேரம் ஒதுங்கி வழிவிட்டது.

மார்ச் 12, ஞாயிறு

மாமியாரும் நாளையிலிருந்து வகுப்புக்கு வருகிறாராம்.

"உங்களுக்கெதுக்கு அத்தை?"

"ஏன், எனக்கு முதுகு இல்லையா?"

இருக்கிறது. தையல் கம்பெனியில் மெஷின்மேல் குனிந்தே தேய்ந்த முதுகு. ஆனால் காரணம் அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலையில் நான் கிளம்பிப் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கடை நேரம் போதாதென்று இந்த ஒரு மணி நேரமும் சேர்வது அவருக்குத் தாங்கவில்லை.

எழுதியே வைத்துவிடுகிறேன், ஒருமுறை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவர் - என் கணவர், அத்தையின் ஒரே மகன் - சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நான் கிளம்பறேன்" என்றார். கடைக்குத்தான் என்று நினைத்து, வரும்போது பால் வாங்கி வரச் சொன்னேன். கூட வேலை பார்க்கிறவளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அவர் தட்டைக் கழுவியது அன்றைக்குத்தான்.

அத்தை அவரோடு போகவில்லை. "அவன் ஓடுனா நானும் பின்னாடியே ஓடணுமா? என் கட்டில் இங்கதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேர். போனவனின் அம்மா, போனவனின் மனைவி.

'போனவன்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 13

சவாசனத்தில் அத்தை குறட்டை விட்டார். சாதாரணக் குறட்டை இல்லை, மரம் அறுக்கிற குறட்டை. வரிசை முழுவதும் குலுங்கியது. தும்மல் டீச்சர் கூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்தால் விக்கல் வருகிறது.

திரும்பி வரும் வழியில், "நான் தூங்கவே இல்லையே, கண்ணை மூடி தியானம் பண்ணிட்டு இருந்தேன்" என்கிறார்.

மார்ச் 21

தினமும் வீட்டிலும் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லியிருக்கிறாள் டீச்சர். மூச்சைக் கவனித்தால் போதுமாம். படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் விரிப்பைப் போட்டு உட்காருகிறேன்.

மூச்சா? எனக்கு உள்ளே கோர்ட் நடக்கிறது. அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நானே கேட்கிறேன், நானே சாட்சி சொல்கிறேன், நானே தீர்ப்பும் எழுதுகிறேன். எவ்வளவு அழகாகப் பேசுகிறேன் தெரியுமா அங்கே! அன்றைக்கு வாசலில் நின்றபோது வாயிலிருந்து வந்தது என்னவோ "பால்?" என்ற ஒரே சொல்தான்.

இன்று டீச்சரிடம் சொன்னேன். "வாதாடி முடிச்சதும் திரும்ப மூச்சுக்கு வந்துடுங்கக்கா" என்றாள். "முடியவே மாட்டேங்குதே" என்றேன். "அப்ப நடுவுலயே எழுந்து வந்துடுங்க. நீங்கதானே ஜட்ஜ்?" என்றாள். தும்மினாள்.

மார்ச் 30

இன்று மூன்று மூச்சுக்கு அவர் ஞாபகம் இல்லை. நான்காவது மூச்சில், 'அட, ஞாபகமே வரவில்லையே' என்று நினைத்தேன். வந்துவிட்டது.

ஏப்ரல் 14, வெள்ளி

அவரைப் பார்த்தேன்.

கடையிலிருந்து வரும்போது, பஸ் நிறுத்தத்தில். அவர் எதிர்ப்புறம் நின்றுகொண்டிருந்தார். தனியாகத்தான். என்னைப் பார்க்கவில்லை. இளைத்திருக்கிறாரா, முடி வெட்டியிருக்கிறாரா என்றெல்லாம் அல்லவா ஒருத்தி பார்ப்பாள்? நான் கண்ணாடியைப் பார்த்தேன். புது ஃபிரேம். நான் போட்டுக் கொடுக்காதது. இடது பக்கம் தாழ்ந்து, முகத்தில் கோணலாக உட்கார்ந்திருந்தது. எவனோ முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் மாட்டி அனுப்பியிருக்கிறான். காதுப் பிடியைக் கொஞ்சம் சூடு காட்டி வளைத்தால் சரியாகிவிடும். ஒரு நிமிஷ வேலை.

அவருக்கு இடது காது வலது காதைவிட ஒரு நூல் கீழே. இது எனக்கும் அவர் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது மூன்றாவதாக ஒருத்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை போலிருக்கிறது.

என் வலது கை தானாக எழுந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, காற்றில், இல்லாத கண்ணாடியை நிமிர்த்தப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், "பஸ்ஸை நிறுத்தறீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 15

வகுப்புக்குப் போகவில்லை. அத்தை மட்டும் போய் வந்தார். வந்து போர்வையை விலக்கி என் பாதத்தைப் பிடித்துவிட்டார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

அத்தை ஞாயிறுதோறும் மத்தியானம் தையல் கம்பெனித் தோழியைப் பார்க்கப் போவார். இன்றும் போய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒண்ணு சொல்லணும். உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அவளுக்கு அஞ்சு மாசமாம்."

யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஜனவரியில் போனார். இப்போது ஐந்து மாதம். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அப்போதே தெரிந்துதான் போயிருக்கிறார். அதனால்தான் போயிருக்கிறார். எனக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. "நமக்கு நாம போதும்" என்று சொன்னவன்தானே அவன்? என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னானே? ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதானே - அதெல்லாம் என்ன?

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அவன்தான் சொன்னான். பார்க்குல."

"எப்ப பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமைதோறும் பாக்கறேன்."

"அப்ப அந்தத் தோழி?"

தலையைக் குனிந்துகொண்டார். "அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

ஒரே கூரையின் கீழ், ஒரே குக்கரில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் என் பக்கத்தில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டு! நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. அவர் கடைசியில், "பெத்துட்டேனே, என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

"பெத்தா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியாதே!" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. எழுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 24

தனியாகப் போனேன். டீச்சர், "அம்மா வரலையாக்கா?" என்றாள். "முதுகு வலி" என்றேன்.

ஏப்ரல் 29

பேச்சு இல்லை. அவர் சமைத்து மூடி வைக்கிறார். நான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூடி வைக்கிறேன். பாத்திரங்கள்தான் பேசிக்கொள்கின்றன.

மே 2

இன்று நடந்ததை எழுதினால்தான் தூக்கம் வரும்.

வகுப்பின் கடைசியில் கண் மூடி உட்கார்ந்திருந்தோம். "எது வந்தாலும் வரட்டும். விரட்டாதீங்க. பாத்துட்டே இருங்க" என்றாள் டீச்சர். எனக்கு வந்தது இது: அவளுக்கும் தங்காமல் போகட்டும்.

கண்ணைத் திறந்துவிட்டேன். யார் நினைத்தது அது? நானா? ரத்தத்தைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே உறைந்து போனவள் நான். என் விரோதிக்கும் வேண்டாம் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னவள் நான். அந்த வாய்தானே இது?

எல்லோரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சுருட்டிய விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க கூப்பிட்டா வந்துச்சு அது?"

"இல்ல."

"வந்ததும் பயந்துட்டீங்க."

"ஆமா."

"அப்ப பயந்தவங்க யாருக்கா? அவங்களும் நீங்கதானே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிடப் பதினாலு வயது சின்னவள். கை மட்டும் ரொம்பச் சூடு.

மே 3

காலையில் அத்தையின் கதவைத் தட்டினேன். "நேரமாச்சு. வர்றீங்களா?"

உள்ளே ஏற்கெனவே கிளம்பித் தயாராக, விரிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா?

வழியில் அவராகவே பேசினார். "அவன்கிட்ட நான் சிரிச்சுப் பேசறதில்ல. திட்டத்தான் போறேன். ஆனா போகாம இருக்க முடியல."

"தெரியுது அத்தை."

"உனக்குக் கோவம் போகலை."

"போகலை. நடங்க, நேரமாச்சு."

ஜூன் 11

ஒற்றைக்காலில் சுவரைப் பிடிக்காமல் நின்றேன். இதைச் சொல்ல வேண்டும் என்று சட்டென்று தோன்றிய ஆள் என் கணவர். அவர்தான். கால் இறங்கிவிட்டது.

ஜூலை 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்தார்.

நான்தான் கதவைத் திறந்தேன். அதே கோணல் கண்ணாடி. வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்றார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய அலமாரி உள்ள வீடு. வரலாம் என்று ஒதுங்கினேன்.

அவளுக்கு ரத்த அழுத்தமாம். எழுந்து நடக்கக் கூடாதாம். அவளுக்கு அம்மா இல்லையாம். தனக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லையாம். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "அம்மா வந்து கொஞ்ச நாள் இருந்தா..." என்றார்.

அத்தை வெடித்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா இங்க வந்து கேக்கற? இவ எதிர்லயே கேக்கற?"

"வேற யாரும் இல்லம்மா எனக்கு."

"இவளுக்கு யாரு இருக்கா?"

நான் அடுப்படி வாசலில் நின்று மூச்சைக் கவனித்தேன். சத்தியமாக. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நெஞ்சு அடித்துக்கொண்டது, அதையும் கவனித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார், இன்னும் கோணலாக. என் கை எழவில்லை. அதற்குப் பெருமைப்படவும் இல்லை. கை ஓய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

போகும்போது என்னிடம், "நல்லா இருக்கியா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 17

"நீ என்ன சொல்ற?" என்று அத்தை கேட்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க அத்தை. போங்கன்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல. போகாதீங்கன்னு சொல்லிட்டா அப்புறம் என்னால படுக்க முடியாது."

ஜூலை 19

போகிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை பொறந்து தலை நிக்கிற வரைக்கும்தான்." அப்படியெல்லாம் திரும்பி வருகிற இடமா அது?

ஜூலை 23, ஞாயிறு

துணிகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன். அவர் விரிப்பைப் பெட்டிக்குள் திணிக்கப் பார்த்தார், கொள்ளவில்லை. "கையில எடுத்துட்டுப் போறேன். தொட்டில் போட்டது போக இடம் இருக்கான்னு பாக்கறேன்" என்றார். டாக்ஸி கீழே ஹாரன் அடித்தது. அவர் மகன் மேலே வரவில்லை, வண்டியிலேயே இருந்தார்.

படியில் இறங்கும்போது திரும்பி, "கோவமா?" என்றார்.

"ஆமா" என்றேன். "மெதுவா இறங்குங்க."

ஒரு தடவை என்னை விட்டுப் போனார்கள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு தடவை.

ஜூலை 24

சவாசனத்தில் யாரும் குறட்டை விடவில்லை. முழுக்க அழுதேன். பக்கத்து வரிசைக்காரர் கைக்குட்டை கொடுத்தார்.

ஆகஸ்ட் 5

உட்காருகிறேன். எழுந்திருக்கிறேன். கடைக்குப் போகிறேன். யார் யார் கண்ணுக்கோ பவர் பார்த்து லென்ஸ் போடுகிறேன். "ஆஹா, பளிச்சுனு தெரியுது!" என்கிறார்கள். நல்லது.

ஆகஸ்ட் 12

பொறுக்க முடியாமல் டீச்சரிடம் கேட்டுவிட்டேன். "உண்மையைச் சொல்லு. இதைப் பண்ணா துக்கம் போயிடுமா?"

பூசி மெழுகுவாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "எங்கப்பா போனதுக்கு அப்புறம்தான் நான் இதைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு இன்னும் போகல."

"அப்ப எதுக்கு பண்ற?"

யோசித்தாள். "முன்னாடி அது வந்தா நான் ஓடுவேன். போன் பாப்பேன், எதையாவது திம்பேன், யாருகூடயாவது சண்டை போடுவேன். இப்ப வந்தா, சரி வா, உக்காருன்னு பக்கத்துல இடம் விடறேன். அவ்ளோதான்."

இதற்கா இவ்வளவு காலையில் எழுந்து வருகிறேன் என்று எரிச்சலாக இருந்தது. மாலையில் கடையை மூடிவிட்டு வரும்போது எரிச்சல் இல்லை.

ஆகஸ்ட் 29

பெண் குழந்தையாம். இரண்டு பேரும் நலமாம். அத்தை போனில் இரண்டே வரி பேசினார். "நல்லது" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. மூடவில்லை.

தண்ணீரோடு தண்ணீராக ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தேன். மே மாதம் வந்த அந்த நினைப்பு, இருக்கிறதா? இல்லை. வலி இருக்கிறது, ஒரு மலை மாதிரி. அது இல்லை.

செப்டம்பர் 17

மழை. வகுப்புக்கு நானும் டீச்சரும் மட்டும்தான். இருவரும் எல்லாம் செய்து முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அக்டோபர் 9, திங்கள்

வகுப்பிலிருந்து வந்து கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன். அத்தை.

"நல்லா இருக்கியாம்மா? ஒண்ணு கேக்கணும். அந்த மூச்சுப் பயிற்சியில எந்த மூக்கை முதல்ல அடைக்கணும்? மறந்தே போச்சு."

"ஏன் அத்தை? என்னாச்சு?"

"விடிஞ்சதிலிருந்து அழறா இவ. பாலும் குடிச்சாச்சு, துணியும் மாத்தியாச்சு. அவன் ஆபீஸ் போயிட்டான். அவ அசந்து தூங்கறா, எழுப்ப மனசு வரல. எனக்குப் படபடன்னு வருது, கைகால் ஓடல."

அப்போதுதான் கேட்டது. பின்னால், வீல் வீலென்று. மூச்சுக்கூட விடாமல் அழுகிற அழுகை. போனைக் காதோடு வைத்திருந்தேன். காதுக்குள் வந்தது.

"வலது மூக்கை அடைங்க. கட்டைவிரலால."

"கை ரெண்டும் இவகிட்டதானே இருக்கு! போனையே தோள்ல இடுக்கிக்கிட்டு நிக்கறேன்."

"அப்ப மூக்கை விடுங்க. உக்காருங்க முதல்ல. உக்காந்தாச்சா? அவளை நெஞ்சோட சாய்ச்சுக்கோங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கீழ வையுங்க. இப்ப என்கூட. மெதுவா உள்ள இழுங்க... விடுங்க. விடறது நீளமா இருக்கணும். இழுங்க... விடுங்க."

அழுகை பெரிதாகிவிட்டது. அத்தைக்குத் திடீரென்று உறைத்திருக்க வேண்டும். "ஐயோ, நான் ஒருத்தி... இந்த அழுகையைப் போய் உன்னைக் கேக்க வெச்சு... வெச்சுடட்டுமாம்மா?"

"வேணாம். நெஞ்சு ஏறி இறங்கறது அவளுக்குத் தெரியணும். இழுங்க."

நானும் இழுத்தேன். சொல்கிறவள் செய்யாமல் எப்படி? ஒரு கையில் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை விட்டு விட்டு வந்தது. பிறகு விசும்பல். பிறகு அத்தையின் மூச்சும் இன்னொரு சின்ன மூச்சும்.

"தூங்கிட்டா" என்று கிசுகிசுத்தார்.

என் முகம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

"யார் ஜாடை?" என்று கேட்டேன்.

"மூக்கு என்னோடதுன்னு நெனைக்கறேன்."

"பாவம்" என்றேன்.

சிரித்துவிட்டார். குழந்தை எழுந்துவிடுமே என்று அடக்கி அடக்கிச் சிரித்தார். நானும்.

கடைக்குத் தாமதம். முதலாளி வாசல் கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார்.

"வீட்டுலேருந்து போன்" என்றேன்.

"யாரு?"

"எங்க அத்தை."